ஏழாம் மாடி ஏந்துநர்

"வாயைத் தொறக்க மாட்டே, சரி. கதவையாவது தொறந்து தொலையேன்டி."

"மாட்டேன்."

"கன்னம் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. ஒரு கண்ணு மூடியே போச்சு. செத்துக்கித்துப் போனா யாருடி பதில் சொல்றது?"

"நான்தான் செத்திருப்பேனே. என்னை யாரு கேக்கப் போறா?"

காலை ஏழரை மணிக்கு இந்த வாக்குவாதம் ஏழாம் மாடி முழுவதற்கும் ஒலிபரப்பானது. நான் காது கொடுத்துக் கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வளாகத்துச் சுவர்கள் அச்சுப்பொறியில் வார்த்தவை. ஒரு விரல் கனம்தான் இருக்கும். கேட்காமலிருக்கத்தான் முயற்சி வேண்டும். ஆனாலும் வெறுங்கையோடு போய் அடுத்த வீட்டு வாசலில் நிற்க முடியாதே. கஸ்தூரி போன வாரம் வத்தக்குழம்பு கொடுத்தனுப்பிய டப்பா என்னிடம் இருந்தது. நல்ல டப்பா, திருப்பித் தரும் எண்ணமே எனக்கு இல்லை. அன்றைக்கு அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

கஸ்தூரி மின்கலத் தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வையாளர். இருநூறு பேரை வரிசையில் நிற்கவைத்து அதட்டிப் பழகிய குரல். அவள் மகள் நறுமுகை, பதினைந்து வயது, குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கடல் ஏறிய வருடம் கரையோரத்திலிருந்து கிளம்பி, நாலு வருடம் முகாமில் இருந்து, பிறகு இங்கே வந்தவர்கள். வீட்டுக்காரர் வந்து சேரவில்லை.

"என்னாச்சு கஸ்தூரி?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"வாங்கக்கா, நீங்களே வந்து கேளுங்க. இன்னிக்குப் பல் நாள். ஒம்பதரைக்கு எங்க நேரம். நான் ஏந்திக்கறேன், நீ சும்மா போய்ப் படுத்தாப் போதும்னு சொல்றேன். கேக்க மாட்டேங்கறா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரும் ஏந்த வேணாம். பயத்தோடவே பண்ணச் சொல்லு."

நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். செருப்பு மாலை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

சிறார் அச்சமின்மைச் சட்டம் வந்து அப்போது பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. பயம் இருக்கும்போது எந்தப் பிள்ளையின் வாயிலும் எந்தக் கருவியும் நுழையக் கூடாது என்பது சட்டம். வளாகத்தின் தரைத்தளத்தில் பல் நிலையம் இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் பிள்ளை படுத்திருக்கும், மற்றதில் ஏந்துநர் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் தலையிலும் கொசுவலை மாதிரி மெல்லிய கம்பி வலை. நடுச்சுவருக்குள் இருப்பது அச்சமாற்றி. அரசாங்கம் வைத்த பெயர் அது, நாங்கள் மாத்து மெஷின் என்போம். பொத்தானை அழுத்தினால் பிள்ளையின் பயம் இந்தப் பக்கம் வந்துவிடும். பிள்ளை ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டும். பயத்தை அழிப்பதற்கு மட்டும் இன்றுவரை வழி கிடையாது. இடம் மாற்றத்தான் முடியும்.

பெற்றவர்கள் ஏந்துவதுதான் முறை. ஆனால் பெற்றவர்களுக்குத்தான் ஷிப்டு, ரத்த அழுத்தம், ஊரில் கல்யாணம் என்று ஆயிரம் சாக்கு இருக்குமே. அப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். வனஜா என்றால் நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலைவரைக்கும் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஏந்தியிருந்தேன்.

ஒவ்வொரு பயமும் தன் உருவத்தோடுதான் வரும். மூன்றாம் மாடிச் சின்னவனுக்கு அந்த விளக்கு. முகத்துக்கு நேரே இழுத்து வைத்தால் அது பெரிய மீனின் கண்ணாகிவிடும். ஐந்தாம் மாடியில் எட்டு வயதுக்காரி ஒருத்தி, பல் பிடுங்கிய ஓட்டை வழியாகப் பேச்செல்லாம் ஒழுகிப் போய்விடும் என்று பயந்தாள். பெரிய பிள்ளைகள் வலிக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவன், புகைப்பதை டாக்டர் முகர்ந்து கண்டுபிடித்துவிடுவார் என்று நடுங்கினான். இன்னொருத்திக்கு, "இவ்வளவு பெரிய பொண்ணு பல்லுகூடத் தேய்க்க மாட்டியா" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சின்னதுகளுக்குச் சத்தம், பெரியதுகளுக்கு அவமானம், எப்போதோ ஒரு முறை வலித்தவர்களுக்கு மறுபடி அதே வலி. வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடக்கும்போது நிறுத்து என்று சொல்ல முடியாது என்பது மட்டும் எல்லார் பயத்திலும் இருக்கும்.

ஏந்திய பயம் தானாக இறங்காது, சொல்லித்தான் இறக்க வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஏந்துநர் வெளியே வந்ததும் நடையில் டீ தயாராக இருக்கும். குறைந்தது பத்துப் பேர் கேட்க உட்கார்ந்திருப்பார்கள். சொல்லச் சொல்லப் பயம் கேட்பவர்களிடம் பிரிந்து போகும், ஆளுக்கொரு கரண்டி. மாலைவரை லேசாக நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். ஒரே ஒருவரிடம் சொன்னால் முழுவதும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். கணவன் மனைவி தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று நிலையத்துச் சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஊர் வம்பைப் பத்துப் பேர் கூடிக் கேட்க வேண்டும் என்று அரசாங்கமே சொன்ன காலம் அது. எனக்குப் பொற்காலம்.

இப்படியிருக்க, பயத்தோடு பல் பிடுங்கிக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம்?

"முகை, நான் வனஜா ஆன்ட்டி வந்திருக்கேன்டா" என்று கதவைத் தட்டினேன்.

தாழ்ப்பாள் லேசாக நகர்ந்தது. பிறகு, "ஆன்ட்டி மட்டும் உள்ள வரட்டும்" என்றாள்.

கஸ்தூரியின் முகம் போன போக்கை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

உள்ளே, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் போல ஒட்ட வெட்டிய முடி. இந்தக் காலத்துப் பெண்களின் நாகரிகம் என்று அதைப் பற்றி நான் நடையில் பல தடவை பேசியிருக்கிறேன். இடது கன்னம் வீங்கிப் பளபளத்தது. பக்கத்தில் போனாலே காய்ச்சல் அனல் அடித்தது.

"நீங்க ஏந்துறீங்களா, ஆன்ட்டி?"

"தாராளமா."

"ஆனா இறக்கக் கூடாது."

"எதுவரைக்கும்?"

"எப்பவுமே. அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னா யாருக்குமே தெரியக் கூடாது."

"ஏன்டி, இந்த வளாகத்துலயே வாய் ஜாஸ்தியான ஆளைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?"

"அதனாலதான் கேக்கறேன். வேற யாராவது சும்மா இருந்தா சந்தேகம் வரும். நீங்க வெளிய போய் ஏதாச்சும் பொய் சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க. உங்களுக்குப் பொய்யும் நல்லா வரும்."

பாராட்டா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள நேரமில்லை. "சொல்லலேன்னா என்கிட்டயே இருந்துடும்டி. எத்தனை நாள் வெச்சுக்கறது?"

"நான் பத்து வருஷமா வெச்சிருக்கேன்" என்றாள்.

சீழ் கழுத்துப் பக்கம் இறங்க ஆரம்பித்திருப்பதாக முந்தின நாளே டாக்டர் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் பல்லை எடுத்து வடிக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தாய்தான் ஏந்த வேண்டும் என்று எழுதிவிடுவார்கள், யாருடைய சம்மதத்தையும் கேட்க மாட்டார்கள். முகைக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சரி என்றேன். அந்தப் பிள்ளையின் மேல் பாசம் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்கு அது என்னவென்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

கஸ்தூரி ஒப்புதல் திரையில் விரலை வைக்கும்போது, "பெத்தவ நான் கல்லு மாதிரி நிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு பெரிய குரல் அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

கீழே இன்னொரு வேடிக்கை. பிள்ளைகளுக்கு வெளியறையிலேயே உதவியாளர் வலையைப் போட்டுவிடுவார். முகை தலையில் யாரையும் கைவைக்க விடவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு பல் கிட்டித்து நடுங்கினாள். சத்தம் கேட்டு டாக்டர் ஆல்வின் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கியவர், பயந்த பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இவங்ககிட்ட என்ன சொல்லணும்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"நீங்கதானே டாக்டர்?"

"பாடத்துல அதை எடுத்துட்டாங்கம்மா. எங்க வாத்தியார் தலைமுறைக்குத் தெரியும்."

கடைசியில் முகையே வலையை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். நான் அடுத்த அறையில் போய் உட்கார்ந்தேன். முப்பத்தொன்று பார்த்தவள், முப்பத்திரண்டாவது என்ன செய்துவிடும் என்ற தெனாவட்டு.

முதலில் பிடரியில் ஒரு குளிர். ஊசி வரும், துளைக்கும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. என் தலையை இரண்டு பக்கமும் பிடித்தன. பெருவிரல்கள் நெற்றிப்பொட்டில் அழுந்தின. உரித்த பூண்டின் வாடை. ஒரு கையில் ரப்பர் வளையல், அது காதில் உரசியது. தலையைத் திருப்ப முடியவில்லை. முன்னால் ஒருவன் குறடோடு நிற்கிறான், அவன் முகம்கூட இல்லை, அவன் முக்கியமே இல்லை. கைகள்தான். அந்தக் கைகள் எனக்குத் தெரியும். சோறு ஊட்டிய கைகள். மேலேயிருந்து குரல் வந்தது, அவ்வளவு கனிவாக. வலிக்காதுடா தங்கம். வலிக்கவே வலிக்காது. அம்மா இருக்கேன்ல.

அந்தக் கனிவுதான் என்னைக் கொன்றது. ஓடுவதென்றால் அம்மாவிடம்தான் ஓட வேண்டும். பிடித்துக்கொண்டிருப்பதே அம்மா. பிறகு எங்கே ஓடுவது? அதற்கு மேல் அந்தப் பயத்தில் எதுவும் இல்லை, வெறும் வெள்ளையாக இருந்தது. நாற்காலியில் நான் சிறுநீர் கழித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில்.

சுவருக்கு அந்தப் பக்கம் முகை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. முகாமில் மாத்து மெஷின் ஏது? மரத்துப்போகும் மருந்தும் தீர்ந்திருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பல்லில் சீழ். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றிருப்பார்கள். கஸ்தூரி பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்திருப்பாள்? வலிக்காது என்று சொல்லாமல் எந்தத் தாய் இருப்பாள்? அந்தக் குழந்தையும் பத்து வருடமாக எண்ணெய், சீப்பு என்று அம்மா கை தலைக்கு வராதபடி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, காரணத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு இதைத் தெரியப்படுத்தாமலே செத்துப்போகவும் தயாராக இருந்திருக்கிறது.

உதவியாளர் கொடுத்த மாற்றுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நடையில் பதினேழு பேர், டீ, பிஸ்கட். என் கதைக்கு எப்போதும் கூட்டம் சேரும். கஸ்தூரி முன்வரிசையில் இருந்தாள்.

"சொல்லுங்கக்கா. எதுக்கு இந்த ஆட்டம் ஆடினா?"

"ஊசி" என்றேன். "வெறும் ஊசிதான். ஈட்டி மாதிரி ஒரு ஊசி, முழநீளம். அதைப் பாத்து நானே அலறிட்டேன்னா பாத்துக்கோயேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பொய் சொன்னால் எதுவும் இறங்காது. என் முதுகில் ஓர் அணுகூடக் குறையவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் கஸ்தூரி. அவள் கண் கலங்கியது. எவ்வளவு பெரிதாக எதை எதிர்பார்த்திருந்தாளோ. எழுந்து வந்து, நன்றியோடு, இரண்டு கையாலும் என் முகத்தை ஏந்திக்கொண்டாள். "என் பொண்ணுக்காக நீங்க கஷ்டப்பட்டுட்டீங்களேக்கா. ரொம்ப வலிச்சுதா?"

பெருவிரல்கள் நெற்றிப்பொட்டில் இருந்தன.

நான் எப்படி அங்கிருந்து மாடிக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. டீக்குவளை உடைந்ததையும், பதினேழு பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததையும் என் வீட்டுக்காரர் தாமோதரன்தான் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்தது வேறு ஒரு வாழ்க்கை. கஸ்தூரி லிஃப்டில் இருந்தால் ஏழு மாடியும் படியேறினேன். அவள் வீட்டில் பூண்டு உரித்தால் எங்கள் வீட்டு ஜன்னலை அடைத்தேன். காய்ச்சல் பார்க்க என் வீட்டுக்காரர் நெற்றியில் கைவைத்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். யாராவது ஆறுதலாகப் பேசினால் அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். திட்டினால் நிம்மதியாக இருந்தது.

"என்கிட்ட சொல்லித் தொலையேன்" என்பார் அவர்.

"சொன்னா முழுசும் உங்களுக்கு வந்துடும்."

"வரட்டுமே."

"உங்க நெஞ்சு தாங்காதுங்க."

வேறு வளாகத்தில் பத்துப் பேரைப் பிடித்துச் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் கஸ்தூரியோடு ஒரே தொழிற்சாலை. மாலை ஷிப்டு முடிவதற்குள் அவள் காதுக்குப் போயிருக்கும். அந்தப் பாதையை யார் போட்டது? நான்தான்.

மூன்றாவது வாரம் கஸ்தூரியே என் வீட்டுக்கு வந்தாள். நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

"அக்கா, உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு வந்தேன். நேத்து முகை தலைய காட்டிட்டு வந்து உக்காந்தாக்கா. எண்ணெ வெச்சு விடும்மான்னா. பத்து வருஷம். நான் கிட்டப் போனாலே ஒதுங்குவா, என்மேல பாசமே இல்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அந்த ஊசி பயம் போனதுலேருந்து எல்லாம் சரியாப் போச்சு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நல்லது கஸ்தூரி, நல்லது" என்றேன். சொல்வது என்ற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

பதினோரு வருடம் அதை வைத்திருந்தேன். நிலையத்தில் ஏந்துவதை நிறுத்தினேன். ஏற்கெனவே நிரம்பியிருப்பவரால் ஏந்த முடியாது. நடைக்கூட்டத்துக்கு வேறொருத்தி தலைவியானாள். அவளுக்குச் சொல்லவே வராது, ஆரம்பத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவாள். என் கடைவாய்ப் பற்கள் நாலும் ஒவ்வொன்றாகப் போயின. பெரியவர்களுக்கு ஏந்துநர் கிடையாது, அவரவர் பயம் அவரவருக்கு. அந்த நாற்காலியில் போய்ப் படுக்க என்னால் முடியவில்லை. வனஜா அடங்கிவிட்டாள் என்று வளாகத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பேசாததால் என்னைப் பற்றிப் பேச அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

முகைக்கு முடி இடுப்புவரை வளர்ந்தது. வானிலைத் துறையில் வேலை பார்க்கும் எழில்வேந்தனைக் கல்யாணம் செய்துகொண்டு மலைமேல் ரேடார் கோபுரக் குடியிருப்புக்குப் போனாள். குழந்தை பிறந்ததும் கஸ்தூரியும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விட்டாள். அவள் போன அன்று பல வருடங்களுக்குப் பிறகு நான் லிஃப்டில் ஏறினேன்.

போன ஆடியில் ஒரு பகலில் முகை திரையில் வந்தாள். சும்மா விசாரிக்கத்தான்.

"பாப்பாவுக்கு மூணரை ஆச்சு ஆன்ட்டி. கடவாப் பல்லு சொத்தை. நாளைக்கு எடுக்கணும்."

"அங்க மாத்து மெஷின் இருக்கா?"

"இல்ல. கோபுரத்து அலை இருக்கற இடத்துல அது வேலை செய்யாது. எங்களுக்குச் சட்டத்துலயே விலக்கு. அம்மா பிடிச்சுக்கறேன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிஷ வேலைதானே. எனக்கும் அப்படித்தான் பண்ணினாங்க."

"உனக்கு அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. முகாம்ல. அம்மா தலையப் பிடிச்சாங்க, அந்தாளு பல்லைப் பிடுங்கினான்." வேறு யாருடைய சங்கதியையோ சொல்வது போலச் சொன்னாள். "ஞாபகம் இருக்கு, ஆனா ஒண்ணும் தோணல. நல்லாத்தானே இருக்கேன்? பாப்பாதான் இப்பவே பாட்டி பின்னாடியே சுத்தறா, பாட்டி இருந்தா பயமில்லைங்கறா. ஒண்ணும் ஆகாதில்ல ஆன்ட்டி?"

குழந்தைக்காக அவளை எச்சரித்திருக்க வேண்டிய ஒன்று முன்பு அவளுக்குள் இருந்தது. அதைத்தான் நான் பதினோரு வருடமாக என் வீட்டில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு அந்தக் குழந்தைக்குப் பின்னால் இரண்டு கைகள் வரும். சோறு ஊட்டும் கைகள். இவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், இவளுக்கு ஒன்றும் தோன்றாது.

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா முகை?"

"இல்ல, நான் மட்டும்தான். ஏன்?"

ஒருவரிடம் மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உன்னோடது ஒண்ணு என்கிட்ட இருக்குடா" என்றேன். "உனக்கு அது வேணும். கேக்கறியா? வேணாம்னா இப்பவே சொல்லிடு."

அவள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு தலையாட்டினாள்.

சொன்னேன். பூண்டு வாடையிலிருந்து ஆரம்பித்து எதையும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பிடரி ஒவ்வொரு நரம்பாகத் தளர்ந்தது. அவள் கை மெல்ல எழுந்து அவள் தலையைப் பொத்திக்கொண்டது. அவள் முகத்தில் அது ஏறுவதைத் திரையில் பார்த்தேன். நான் செய்த காரியங்களிலேயே கொடுமையானது அதுதான். நான் முடித்தபோது எனக்குள் எதுவும் இல்லை, வெறும் பசி மட்டும் இருந்தது.

அவளுக்குப் பின்னால், எங்கோ அடுக்களையிலிருந்து கஸ்தூரியின் குரல் கேட்டது. "முகை, சாப்பிட வாடா தங்கம்."

முகை துள்ளி விழுந்தாள். கண்கள் அகன்று நின்றன. பிறகு திரை அணைந்தது.

மறுநாள் நடந்ததை எழில்வேந்தன் மூலம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அந்தத் திறமை எனக்கு உடனே திரும்பிவிட்டது. முகை யாரையும் பிடிக்க விடவில்லை. நாற்காலியில் தான் உட்கார்ந்து, குழந்தையை மடியில் முகத்துக்கு முகம் பார்க்க உட்கார்த்தி வைத்துக்கொண்டாள். "வலிக்கும் பாப்பா. கொஞ்ச நேரம் வலிக்கும். நீ கையைத் தூக்கினா நிறுத்திடுவாங்க" என்றாளாம். டாக்டருக்குக் கோபம். குழந்தை நாலு முறை கையைத் தூக்கியது. நாலு முறையும் நிறுத்தவேண்டி வந்தது. அன்றைக்குப் பல் வரவில்லை. ஒரு பல்லுக்கு மூன்று நடை. மூன்றாம் நடையில் குழந்தை அழுதுகொண்டே வாயைத் திறந்து வைத்திருந்ததாம். அழுதது, ஆனால் ஓடவில்லை.

கஸ்தூரி புரட்டாசியில் இரண்டு பெட்டியோடு வளாகத்துக்கே திரும்பி வந்தாள். ஆறாம் மாடியில் வாடகைக்கு ஓர் அறை. வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவள் கைகளை நான் இப்போது தைரியமாகப் பார்த்தேன். சுருங்கிப்போன சாதாரணக் கைகள்.

"முடியை ஒட்ட வெட்டிக்கிட்டாக்கா. நான் பாப்பாவைக் குளிப்பாட்டப் போனா வந்து வாங்கிக்கறா. சண்டை போட்டாலும் பரவாயில்ல, மரியாதையாப் பேசறா. நான் என்னக்கா பண்ணினேன்? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

ஒண்ணுமில்ல கஸ்தூரி, எல்லாம் சரியாப் போயிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். கனிவாகவே எடுத்தேன். என் காதில் அந்தக் குரல் விழுந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"சொல்றேன்" என்றேன். "பயம் உன்னைத் தொத்தாது, அது என்கிட்ட இப்ப இல்ல. ஆனா வலிக்கும், கஸ்தூரி. நிறுத்தணும்னா கையைத் தூக்கு, நிறுத்திடறேன்."

அவள் கையைத் தூக்கவில்லை. கடைசிவரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். டீ ஆறிப்போயிற்று. எழுந்து போகும்போது, "முகாம்ல மருந்து வர ரெண்டு நாளாகும்னாங்கக்கா. ரெண்டு நாள் இவ தாங்க மாட்டான்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

தையில் அவள் மறுபடியும் மலைக்குப் போய்விட்டாள். முகையோடு இல்லை, இரண்டு தெரு தள்ளித் தனி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு முகை அங்கே போகிறாளாம், ஒரு மணி நேரம் இருக்கிறாளாம். கஸ்தூரி எப்போதும் வாசலுக்கு எதிரே, வருகிறவர்கள் பார்க்கும்படி உட்கார்ந்திருக்கிறாள் என்றும், யார் பின்னாலும் போய் நிற்பதில்லை என்றும் எழில்வேந்தன் சொன்னார். டாக்டர் ஆல்வினுக்கு இந்த வயதில் ஒருவழியாக வைகாசியில் கல்யாணம் நடந்தது, பெண் செங்கல்பட்டு. கஸ்தூரி காலிசெய்த ஆறாம் மாடி அறைக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருக்கிறது. அவர்களைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.